ரொட்டி வாங்கப் போன மருமகனுக்கு

ரியுசெக்
25 செப்டம்பர், புதன்கிழமை

முன்னாள் நகரத் தலைவரும், முன்னாள் அமைச்சரும், இந்நாள் கட்சித் தலைவரும், எந்நாளும் என் அக்கா மகனுமாகிய நர்சீஸுக்கு,

உன் தாய்மாமன் ஒனொராட் ரியுசெக்கிலிருந்து எழுதுவது. எனக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. இரத்த அழுத்தத்தையும் ஞாபகசக்தியையும் தவிர மற்றபடி குறையில்லை. ஞாபகசக்தி குறைந்திருந்தால் நன்றாயிருக்கும், அது குறையவில்லை என்பதுதான் குறை. உன் சுகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். எப்போது காட்டினாலும் குடையோடுதான் காட்டுகிறார்கள். போன வாரம் கழுத்துத் துணி இல்லாமல் மழையில் நின்று பேட்டி கொடுத்தாய். தேசத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தொண்டையைப் பார்.

அக்காவை அடக்கம் செய்த அன்று நீ போனில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "மாமா, அம்மா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" நான் பதில் சொல்லாமல், இங்கே சத்தமாக இருக்கிறது, கேட்கவில்லை என்றேன். கல்லறையில் என்ன சத்தம்? நன்றாகத்தான் கேட்டது. ஆனால் உன்னிடம் அதைப் போனில் சொல்ல எனக்குப் பயம். போனில் நீ பத்திரிகைக்காரர்களிடம் பேசுவதுபோலவே என்னிடமும் பேசுகிறாய். நான் நடுவில் அழுதுவிடுகிறேன். தாளில் அழுதால் வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். அதனால் எழுதுகிறேன். ஆமாம், சொன்னாள். உன் அம்மா சொன்ன வார்த்தைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் எப்படிச் சொன்னாள், யார் வழியாகச் சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்குக்கு விடை மட்டும் எழுதாமல் வழியையும் எழுதின மாதிரி இருக்கும். வழி எழுதாத விடைக்கு நான் ஒருநாளும் முழு மதிப்பெண் போட்டதில்லை, அது உனக்குத் தெரியும்.

அக்காவின் கோபம் அரசியல் கோபம் என்று ஊரில் பாதிப்பேர் நினைத்தார்கள். நீ நம் மாகாணத்துக்கு விடுதலை கேட்டதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போதே, எங்கள் வகுப்பு இனிமேல் இந்தப் பள்ளியோடு சேர்ந்தது அல்ல, எங்களுக்கு இடைவேளை மணி தனியாக அடிக்க வேண்டும் என்று வாக்கெடுப்பு நடத்தினவன் நீ. இருபத்தெட்டில் பத்தொன்பது ஓட்டு வாங்கினாய். நான் உள்ளே வந்தபோது மற்ற பதினெட்டுப் பேரும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள், நீ மட்டும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டிருந்தாய். அன்றைக்கு உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரித்தாள். முப்பத்தொரு வயதில் நகரத் தலைவரானபோது முதல் நாளே நகர மண்டபத்து மாடியிலிருந்த மாட்ரிட் அரசின் கொடியை இறக்கினாய். சதுக்கத்தில் பாதி ஜனம் கைதட்டியது, மீதிப் பாதி ஜன்னலைச் சாத்தியது. அந்தச் சத்தம் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தது என்று அக்கா சொன்னாள். அப்போதும் சிரித்தாள். பார்சிலோனாவுக்குப் போய் அமைச்சரானாய், உன் படத்தை ஒருவர் வீட்டில் மாட்டினார், அடுத்த வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியில் ஒட்டினார். அவள் குப்பைத் தொட்டிப் படத்தையும் துடைத்துவிட்டு வருவாள். என் பிள்ளை முகத்தில் ஈ உட்காரக் கூடாதாம்.

அவளுக்குக் கோபம் அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்தான். பதினேழாம் வருஷம் அக்டோபர். நீ வந்தாய், முயல்கறிச் சோறு தின்றாய், மூக்குக் கூஜாவைத் தூக்கி அண்ணாந்து ஒயின் குடித்தாய், சட்டையில் ஒரு சொட்டு சிந்தியது. "ரொட்டி தீந்துபோச்சும்மா, வாங்கிட்டு வர்றேன்"னு எழுந்து போனாய். செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சியில் பார்த்தால், கைதுக்குத் தப்பி வேறு நாட்டில் மழையில் நிற்கிறாய். அதே சட்டை. ஒயின் கறையைப் பார்த்துத்தான் அக்கா நீதான் என்று நம்பினாள். "ஏன்டா ஒனொராட், ரொட்டி வாங்க ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டரா போவாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஏழு வருஷம் உன் போனை அவள் எடுக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்ட நொஹேமி, ஹொண்டுராஸ் பெண், பாவம், போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அக்கா உள்ளேயிருந்து, "ரொட்டிக்கடை மூடியாச்சுன்னு சொல்லு" என்பாள். நொஹேமி முதல் ஒரு வருஷம், ஏதோ கடை விஷயமாகத்தான் நீ போன் செய்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அக்கா தட்டு வைப்பாள். அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஒன்று, நொஹேமிக்கு ஒன்று, தனக்கு ஒன்று, அப்புறம் நாலாவதாக ஓரத்தில் நீலக்கோடு போட்ட ஒரு தட்டு. அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன? பார்சிலோனாவிலிருந்து ஒரு பத்திரிகைப் பெண் வந்தபோது, அது உனக்கு வைக்கிற தட்டு என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். மறுவாரமே படத்தோடு போட்டார்கள். அதற்கடுத்த தேர்தலில் உன் கட்சி அதைச் சுவரொட்டியாகவே அடித்தது: 'இந்தத் தட்டு நிறையும் நாள் வரும்'. பேருந்து நிறுத்தம் முழுக்க உன் அம்மாவின் தட்டு. அக்காவைச் சக்கர நாற்காலியில் மருந்துக்கடைக்குக் கூட்டிப் போகும்போது அவள் அதைப் பார்த்தாள். "என் தட்டு இவ்வளவு பெரிசா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது ஃபெர்மி விஷயத்துக்கு வருகிறேன். முகம் சுளிக்காமல் படி. உன் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஆறு வயதில் தாயை இழந்தவன். அப்பா பன்றி ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டு வாரம் முழுக்க வெளியூர். உன் வீட்டில்தான் வளர்ந்தான் என்றே சொல்லலாம். அக்கா உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கடையில் செருப்பு வாங்குவாள். பிறகு அவன் என் பள்ளிக்கூடத்துக்கே காவலாளியானான். விடுதலை வாக்கெடுப்புக்குப் பள்ளியைத் திறக்க நீ சாவி கேட்டபோது, "எழுத்துல தடை உத்தரவு வந்திருக்கு, நான் தர மாட்டேன், எனக்கு இது சரின்னும் படல" என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். அன்று மாலையே மேடையில் நீ அவன் பெயரைச் சொன்னாய், நர்சீஸ். ஆயிரம் பேருக்கு முன்னால், 'சாவிக்காரன்' என்று. மாற்றுச்சாவி கொடுத்தது நான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மேசை டிராயரில் எல்லாச் சாவியும் இருக்கும். என்னை விசாரித்த நீதிபதி ஆறு வருஷம் கழித்து, "ஏன் கொடுத்தீர்கள்?" என்றார். "கேட்டவன் என் மாணவன்" என்றேன். "கொடுக்காதவனும் உங்கள் மாணவன்தானே?" என்றார். ஃபெர்மி வீட்டுக் கதவில் யாரோ மஞ்சள் சாயத்தால் சாவிப் படம் வரைந்தார்கள். மறுநாளிலிருந்து அவன் யார் வீட்டுக்கும் வருவதில்லை, அக்கா வீட்டுக்கும்.

அதோடு நம் ஊர் ராஜாவும் ராணியும் பிரிந்தார்கள். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், வாத்தியார் பழக்கம். இரண்டு ஆள் உயரப் பொம்மைகள், உள்ளே ஒரு ஆள் நின்று கட்டைச் சட்டத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, வயிற்றில் இருக்கிற வலைத்துண்டு வழியாக வெளியே பார்த்துக்கொண்டு ஆட வேண்டும். ராஜாவைத் தூக்குகிறவர்கள் எல்லாம் உன் பக்கம், ராணியைத் தூக்குகிறவர்கள் எல்லாம் ஃபெர்மி பக்கம் என்று ஆகிவிட்டது. ஆறு திருவிழாவாக ராஜா சனிக்கிழமை தனியாக ஆடினார், ராணி ஞாயிற்றுக்கிழமை தனியாக ஆடினாள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது என்றே நினைக்கிறார்கள். ஒரு குழந்தை என்னிடம், "அப்ப அவங்க பிள்ளைங்க யார்கிட்ட இருக்கும் வாத்தியாரே?" என்று கேட்டது.

இந்த ஆகஸ்டில் அக்காவுக்கு மூச்சு ரொம்ப இளைத்தது. ராணியின் பாவாடையை நாற்பது வருஷம் தைத்தவள் அவள். "ரெண்டும் சேந்து என் வாசல்ல ஆடணும். அதைப் பாத்துட்டுப் போறேன்" என்றாள். நான் ராஜாவைத் தூக்கும் சங்கத்துக்குப் போனேன். அங்கே போன பிறகுதான் ராஜாவைத் தூக்க ஆளே இல்லை என்று தெரிந்தது. உன் பக்கத்து ஆட்கள் மூன்றாகிவிட்டார்கள். நீ என்ன செய்தாலும் சரி என்கிறவர்கள் ஒரு மூலையில். மாட்ரிட்டில் யாரைத் திட்டித் திட்டி வளர்ந்தாயோ அவர்கள் ஆட்சிக்கே கைதூக்கிவிட்டாய், துரோகி என்கிறவர்கள் ஒரு மூலையில். மூன்றாவது மூலையில் இருந்தவர், தான் அந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை என்று அறிக்கையே எழுதி வைத்திருந்தார், எனக்குப் படித்தும் காட்டினார். நான் சொன்னேன்: "ஐயா, ராஜாவோட எடை எழுபது கிலோ. அதைத் தூக்கக் கொள்கை வேண்டாம், முதுகெலும்பு போதும்." ஒருவர் குடலிறக்கம் என்றார். ஒருவர், துரோகிக்குத் தாய் என்றாலும் தாய்தான், ஆனால் அவர்களோடு சேர்ந்து தூக்க மாட்டேன் என்றார். ஒரு உதாரணம் சொல்கிறேன்: ஒரு ரொட்டியை இரண்டாக வெட்டினால் இரண்டு பேர் சாப்பிடலாம். வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் கத்திதான் மிஞ்சும்.

வேறு வழியில்லாமல் ஃபெர்மியிடம் போனேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் கதவைத் தட்டினேன். சாயத்தைச் சுரண்டின தடம் இன்னும் இருக்கிறது.

"வாத்தியாரே, சாவி ஏதும் என்கிட்ட இல்ல"ன்னான்.

"சாவி இல்லடா. ராஜாவைத் தூக்கணும்."

சிரித்தான். "உங்க ஆளுங்க எங்க? வெளிநாட்டுல இருந்து ஆணை வரணுமோ?"

"என் அக்கா ரெமேய் கேக்கறாடா."

அப்புறம் அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பித்தானைப் போட்டான், அவிழ்த்தான், போட்டான். "யாருக்கும் தெரியக் கூடாது. எங்க ஆளுங்க தெரிஞ்சா என்னையக் கிண்டல் பண்ணியே கொன்னுருவாங்க. எனக்கு ஊர்ல இருக்கற நாலு சிநேகிதமும் போயிரும்"னான். நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

யாருக்கும் தெரியக் கூடாது என்று ரகசியம் வைத்ததுதான் வம்பாயிற்று. ராஜாவைத் தூக்கப்போவது யார் என்று கேட்டவர்களுக்கு நான், "சொல்ல முடியாது" என்றேன். அவ்வளவுதான். ரொட்டிக்கடையில் ஆரம்பித்து கசாப்புக்கடை போவதற்குள், நர்சீஸ் எல்லை தாண்டி வந்துவிட்டான், ராஜா பொம்மைக்குள் ஒளிந்து தாயைப் பார்க்கப் போகிறான் என்று ஆகிவிட்டது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மறுத்தேன். மறுத்ததும் உறுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சதுக்கத்தில் பார்த்தால் ரியுசெக்கில் இருக்கிறவர்களைவிட அதிகம் பேர். உன் ஆதரவாளர்கள் மலர்க்கொத்தோடு வந்திருந்தார்கள், உன்னைப் பிடிக்காதவர்கள் உன்னைப் பிடிக்கிறதைப் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு வண்டி போலீசும் வந்திருந்தது.

அந்த சார்ஜென்ட் நல்ல மனிதர். தெற்கே ஏதோ ஒரு ஊர்க்காரர், அவரும் தன் ஊரில் பொம்மை தூக்கியவராம். ராஜாவின் அங்கியைத் தெருவில் வைத்துத் தூக்கிப் பார்ப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. மேலிடத்து உத்தரவு ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம், நடுவில் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்து நின்றார். கடைசியில் ராஜாவின் வயிற்றருகே குனிந்து, மிகவும் மரியாதையாக, "உள்ள இருக்கறவங்க கொஞ்சம் அடையாள அட்டை காட்ட முடியுங்களா?" என்றார். ராஜாவின் தொப்புளிலிருந்து ஒரு அட்டை நீண்டது. சார்ஜென்ட் படித்தார். திருப்பினார். மறுபடி படித்தார். வலைக்குள் ஏதோ கிசுகிசுப்புக் கேட்டது, அவர் தலையாட்டினார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து, ராஜாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். "ராஜாதான். போகட்டும்" என்றார்.

பொம்மை தூக்கியவர் பொம்மை தூக்குகிறவனுக்கு அடித்த சல்யூட் அது. ஆனால் சதுக்கம் என்ன நினைத்திருக்கும், நீயே யோசித்துக்கொள். போலீசே சல்யூட் அடித்துவிட்டது! அழுதவர்கள் எத்தனை பேர்! உன் ஆட்களில் ஒருவர், ஃபெர்மி வீட்டுக் கதவில் சாவி வரைந்தவர் என்று எனக்குச் சந்தேகம் உண்டு, ராஜாவின் அங்கி நுனியை எடுத்து முத்தமிட்டார். உள்ளே இருந்தவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் வேறு ஏதோ வந்துவிடுகிறது.

ராணி ஒரு பக்கத்திலிருந்து, ராஜா ஒரு பக்கத்திலிருந்து, அக்கா வாசலில் சந்தித்தார்கள். புல்லாங்குழல்காரர்கள் ஏழு வருஷமாக வாசிக்காத ஜோடி நடனத்தை வாசித்தார்கள். நடுவில் இரண்டு இடம் மறந்துபோய் வெறும் முரசு மட்டும் அடித்தது. அக்கா சக்கர நாற்காலியில். நான் அவள் காதில் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்: "அக்கா, உள்ள உன் மகன்." பொய். எழுபத்தெட்டு வயதில் நான், சாகப்போகிற அக்காவிடம் சொன்ன பொய். நீ என் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாயா?

ஆட்டம் முடிந்ததும் ராஜா முன்னால் வந்து குனிந்தார். உள்ளே முழங்காலை மடக்கி, எழுபது கிலோவையும் முன்னால் சாய்த்து, கிரீடம் அக்காவின் மடியைத் தொடுகிற அளவுக்கு. கொஞ்சம் பிசகினால் ராஜா மூக்கு உடைந்திருக்கும். நீ பத்தொன்பது வயதில் இதே ராஜாவைத் தூக்கியபோது தேவாலயத்து வாசலில் குனிய மறுத்து விறைத்து நின்றது ஞாபகம் இருக்கிறதா? "ராஜா எதுக்கு மாமா குனியணும்?" என்று என்னிடமே கேட்டாய். இந்தத் தடவை அவர் குனிந்தார். அக்கா கையை நீட்டி வலைத்துண்டின் மேல் வைத்தாள். உதடு அசைந்தது. சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இருந்தவனுக்குக் கேட்டது.

பொம்மைக் கொட்டகையில் ராஜாவைக் கழற்றி வைத்துவிட்டு ஃபெர்மி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். சட்டை பிழிய வேண்டிய நிலை. நான் மூக்குக் கூஜாவைக் கொடுத்தேன். அண்ணாந்தான், பாதி வாயிலும் பாதி கழுத்திலும் ஊற்றிக்கொண்டான்.

"வாத்தியாரே, அது எனக்கு வந்த வார்த்தை இல்ல. நான் தபால்காரன் மாதிரி. எழுதி அவனுக்கு அனுப்பிருங்க. ஒரு எழுத்து மாத்தாம"ன்னான்.

அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மாற்றாமல் தருகிறேன்:

"பையா, இந்த வெயில்ல இதைப் போயித் தூக்கறியே, முதுகு என்னத்துக்கு ஆகும். நீ செஞ்சது சரின்னு நெனச்சுத்தான் செஞ்ச, எனக்குத் தெரியும். என் கோபமெல்லாம் என்னைக்கோ ஆறிப்போச்சு. ஏழு வருஷமா ஞாயித்துக்கிழமை தட்டு வச்சுக்கிட்டேதான் இருக்கேன். வந்து சாப்பிடு."

நர்சீஸ், நீ கேட்ட கேள்விக்கு விடை அதுதான். ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை விடியும்போது, அவள் போய்விட்டாள். நொஹேமி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ அனுப்பிய மலர்வளையத்தில் இருந்த, உன் பக்கத்தாரின் அடையாளமான மஞ்சள் நாடா வேண்டும் என்று பாதிப்பேர், வேண்டாம் என்று பாதிப்பேர் கல்லறைச் சுவருக்கு முன்னால் நின்று வாதாடினார்கள். பாதிரியார் நாடாவை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்தார். ராஜாவும் ராணியும் கல்லறை வாசல்வரை சேர்ந்தே வந்தார்கள். ராஜாவைத் தூக்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

வாக்கெடுப்பு வழக்குகளுக்கு வந்த மன்னிப்புச் சட்டம் உனக்குப் பொருந்தாது என்று நீதிபதிகள் சொல்கிறார்களாம், பொருந்தும் என்று உன் வக்கீல்கள் சொல்கிறார்களாம். எனக்குச் சட்டம் தெரியாது. உன் அம்மாவின் மன்னிப்பு வந்துவிட்டது, அதை இந்த உறையில் வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு தூங்கு. நீ தூங்கி ரொம்ப நாளாகியிருக்கும் என்று உன் கண்ணுக்குக் கீழே பார்த்தாலே தெரிகிறது.

நொஹேமி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நம் ஊர் மாதா உன் தலைக்கு மேல் குடையாக இருக்கட்டும். அந்தக் குடை ஒழுகாது. உன் அப்பாவும் இப்போது உன் அம்மாவும் பக்கத்துப் பக்கத்துக் கல்லறையில் இருந்து உனக்கு ஆசி சொல்கிறார்கள் என்று நம்பு.

என்றும் உன் நலம் விரும்பும்,
தாய்மாமன்
ஒனொராட்

பின்குறிப்பு (29 செப்டம்பர், ஞாயிறு): உறையை ஒட்டி மேசையில் வைத்து நாலு நாள் ஆகிறது. தினமும் தபால்பெட்டிவரை கொண்டுபோகிறேன், திரும்பக் கொண்டுவருகிறேன். காப்பியடித்த பிள்ளைகளை முப்பத்தெட்டு வருஷம் பெஞ்சின் மேல் ஏற்றியவன் நான். இன்று உறையைக் கிழித்துவிட்டேன். மேலே எழுதியதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன்.

திருவிழா முடிந்த செவ்வாய்க்கிழமை அக்காவுக்குப் பூண்டு சூப்பு ஊட்டிக்கொண்டிருந்தேன். "ஒனொராட், இந்த ஞாயித்துக்கிழமை ஃபெர்மி வருவானா?" என்றாள்.

"எந்த ஃபெர்மி?" என்றேன்.

"வாத்தியார் வேலை பாத்தவனுக்குப் பொய் சொல்லத் தெரியல பாரு. பொம்மைக்குள்ள இருந்தவன்டா."

"அக்கா, அது உன் மகன்…"

"என் மகன் உள்ள இருந்திருந்தா அந்த ராஜா குனிஞ்சிருக்குமா?"

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. "அங்கிக்குக் கீழ காலைப் பாத்தேன். இடது கால் உள்வாங்கி வச்சுது. பதினாலு வயசுவரைக்கும் அந்தக் காலுக்குச் செருப்பு வாங்கினது யாரு?"

"அப்ப நீ உள்ள சொன்னதெல்லாம்?"

"அவனுக்குத்தான். பின்ன யாருக்கு? ஏழு வருஷமா என் வாசப்படி மிதிக்காம இருந்தான்ல, அந்தக் கோபத்தைத்தான் சொன்னேன்."

"அந்தத் தட்டு?"

"அவனுதுதான். நீலக்கோடு போட்டது. சின்ன வயசுலேருந்து அவன் அதுலதான் திம்பான். அறுபது வருஷமா இந்த மேசையில உக்காந்து திங்கற, ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது, நர்சீஸ். கவனித்துப் பார் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னவன், கவனிக்கவில்லை. உன் கட்சி பேருந்து நிறுத்தமெல்லாம் ஒட்டினது சாவிக்காரனின் தட்டை.

"அப்ப நர்சீஸ்?" என்று கேட்டேன். சூப்பு ஆறிவிட்டது.

"அவனுக்கு எதுக்குடா தனித் தட்டு? அவனுக்குன்னு வச்சது அவனுக்கு என்னைக்குப் போதுமாயிருந்துது? என் தட்டுலேருந்துதான எடுத்துத் திம்பான்."

"கோபம் ஆறலியா அக்கா?"

"ஆறல" என்றாள். "ரொட்டி வாங்கிட்டு வரட்டும். பேசிக்கலாம்."

உனக்கென்று அவள் சொன்னது இவ்வளவுதான். இதைத்தான் நீ கேட்டாய். இதைச் சொல்லாமல் மற்றவனுக்குச் சொன்னதை எடுத்து உனக்குக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். மன்னித்துவிடு.

இன்று மத்தியானம் ஃபெர்மியை அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்து உள்ளே வந்தான். நொஹேமி முயல்கறிச் சோறு ஆக்கியிருந்தாள். நீலக்கோட்டுத் தட்டில் சாப்பிட்டான், இரண்டு தடவை கேட்டு வாங்கினான். அக்காவின் தட்டை அவள் இடத்திலேயே வைத்தோம், காலியாக. அதில் யாரும் கை வைக்கவில்லை. ரொட்டி மட்டும் இல்லை. நான் அவன் வாங்கி வருவான் என்று நினைத்தேன், அவன் நான் வாங்கியிருப்பேன் என்று நினைத்திருக்கிறான்.

எப்போது வந்தாலும் நீயே வாங்கிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிடுகிறார்கள்.